கேட்கிறவர்களுக்கு மட்டும்

அத்தியாயம் 14

ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி வெளியே வந்த ஜான்சன், கூடத்து நாற்காலியில் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். மணி ஏழே முக்கால்.

"இன்னாத்துக்கு மாரி இது?" என்றான். "ஊசி போடப் போறதில்லன்னு ஆயிடுச்சு. ரத்தம் மட்டும் எதுக்கு எடுக்கணும்?"

"போடுவாங்க."

"யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. சனிக்கிழமை மதியத்திலிருந்து எல்லோரும் முத்துமாரியிடம் சொல்லிக்கொண்டிருந்தது வேறு. அன்றுதான் அவள் வேலை பார்க்கும் ஆம்பூர் ஷூ கம்பெனியின் வாட்ஸப் குழுவில் அந்தச் செய்தி வந்தது. வேலூரில் ஜான்சன் வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிற இந்த மருத்துவமனை, ஒன்றாம் தேதியோடு இன்சூரன்ஸ் நெட்வொர்க்கை விட்டு விலகிவிட்டதாம். கட்டண விகிதத்தில் இரண்டு பக்கமும் ஒத்துவரவில்லையாம். இனி இங்கே கேஷ்லெஸ் கிடையாது.

ஜான்சனுக்கு நிணநீர்ப் புற்றுநோய். மொத்தம் ஆறு முறை மருந்து ஏற்ற வேண்டும், இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை. நான்கு முடிந்திருந்தது. கழுத்தில் எலுமிச்சம்பழம் போலிருந்த கட்டி கரைந்து, தடவினாலும் தெரியாத அளவுக்கு ஆகியிருந்தது. ஐந்தாவது ஊசிக்குக் குறித்த நாள் இன்றைய செவ்வாய்க்கிழமை, ஒன்பதாம் தேதி.

ஹெச்.ஆர். சின்னசாமி அனுப்பிய பட்டியலில் சென்னை மருத்துவமனைகள் மூன்று இருந்தன. முத்துமாரி மூன்றுக்கும் போன் போட்டுப் பார்த்தாள். முதல் தடவை டாக்டரைப் பார்ப்பதற்கே நாலு வாரம் ஆகும் என்றார்கள். ஸ்கேன், சதைப் பரிசோதனை எல்லாம் முதலிலிருந்து எடுக்க வேண்டும் என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்திருந்த ஜான்சனின் அக்கா பூவம்மாள் அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னாள். "லைன் ஆளாவே இருந்திருந்தீன்னா ஈ.எஸ்.ஐ. இருந்திருக்கும். சூப்பர்வைசர் ஆவணும்னு யாரு அழுதா?"

முத்துமாரிக்குப் பதவி உயர்வு வந்த அன்று ஆம்பூர் பஜாரில் ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு போய் அதே பூவம்மாளுக்குக் கொடுத்தது அவளுக்கு நினைவிருந்தது. சம்பளம் ஏறியது, வரம்பைத் தாண்டியதால் ஈ.எஸ்.ஐ. என்கிற அரசுக் காப்பீடு போயிற்று, கம்பெனியின் குரூப் இன்சூரன்ஸ் வந்தது. அன்றைக்கு அதுவும் ஒரு உயர்வாகத்தான் பட்டது.

"போதும், நாலு போட்டாச்சு. கட்டிதான் கரைஞ்சிடுச்சே," என்று ஜான்சன் சொல்ல ஆரம்பித்ததும் அன்றிலிருந்துதான்.

அதனால்தான் இன்று விடியும் முன்பே அவனை பஸ் ஏற்றிக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். என்ன செய்வது என்று தெரியாது. குறித்த நாளில் குறித்த இடத்தில் போய் நின்றுவிட வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது.

எட்டரை மணிக்குப் பூவம்மாள் பாகாயத்திலிருந்து வந்து சேர்ந்தாள். கையில் தூக்குவாளி நிறைய கேழ்வரகுக் கஞ்சி. தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்து டம்ளரில் ஊற்றினாள். முத்துமாரியைப் பார்க்கவில்லை. ஆனால் இரண்டு டம்ளர் கொண்டுவந்திருந்தாள்.

இன்சூரன்ஸ் கவுன்ட்டர் ஒன்பது மணிக்குத் திறந்தது. அங்கே உட்காரும் அம்பரீனுக்கு முத்துமாரியை நான்கு முறையாகத் தெரியும். அட்டையைக் கையில் வாங்காமலே தலையை அசைத்தாள்.

"அக்கா, மெசேஜ் வந்திருக்குமே?"

"வந்துச்சும்மா. இருந்தாலும் கேக்கலாம்னு..."

"கையிலருந்து கட்டிட்டு, அப்புறமா கம்பெனில கேட்டு வாங்கிக்கலாம்."

"கட்டுறதுக்கு வழி இருந்தா இங்க வந்து நிப்பனா?"

அம்பரீன் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். பின்னால் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்களை அடுத்த கவுன்ட்டருக்குப் போகச் சொல்லிவிட்டுக் கண்ணாடி இடைவெளி வழியாகக் குனிந்தாள்.

"எத்தனாவது ஊசி?"

"அஞ்சாவது. இன்னொண்ணுதான் பாக்கி அப்புறம்."

"நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. உங்க பாலிசில, நடுவுல நிக்கிற வைத்தியத்துக்கு ஒரு வழி இருக்கு. ஆஸ்பத்திரி விலகிப் போனாலும், பாதில இருக்கிறவங்களுக்கு மூணு மாசம் வரைக்கும் அதே இடத்துல தொடரலாம். டாக்டர் எழுதித் தரணும், இப்ப மாத்தினா ஆபத்துன்னு. அத உங்க கம்பெனி ஹெச்.ஆர். சீல் வெச்சு இன்சூரன்ஸுக்கு அனுப்பணும். நீங்களே அனுப்பினா எடுத்துக்க மாட்டாங்க."

"எங்க ஹெச்.ஆர். இத சொல்லவே இல்லியே?"

"யாரும் சொல்ல மாட்டாங்க அக்கா. விலகின பத்து நாளுக்குள்ள குடுக்கணும். நாளைக்கு சாயந்திரம் அஞ்சு மணியோட முடிஞ்சிடும். ஆனா உங்களுக்கு இன்னிக்கே வேணும். ரெண்டு மணிக்குள்ள மருந்த ஆரம்பிச்சாத்தான் வார்டு மூடுறதுக்குள்ள முடியும்."

டாக்டரம்மா வார்டில் இருந்தார். முத்துமாரி விஷயத்தைச் சொல்லி முடிக்கும் முன்பே தாளை எடுத்துவிட்டார். காலையில் எடுத்த ரத்தத்தின் முடிவு அவர் மேஜையில் இருந்தது. "கவுன்ட்ஸ் நல்லாருக்கு. இன்னிக்கே போடலாம். தள்ளினா இதுவரைக்கும் போட்டதோட பலன் குறையும்மா," என்று எழுதிக்கொண்டே சொன்னார். கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்து, ஒரு பழுப்பு நிறக் கவரில் போட்டுக் கொடுத்தார்.

சின்னசாமிக்கு நான்கு முறை போன் செய்தாள். எடுக்கவில்லை. அப்புறம்தான் ஞாபகம் வந்தது, இன்று ஷூ வாங்குகிற ஜெர்மனி பையர் கம்பெனியை ஆடிட் செய்ய வருகிறான். எல்லோருடைய கைபேசியும் பெட்டியில் போட்டுப் பூட்டியிருப்பார்கள்.

"நான் ஆம்பூர் போய்ட்டு வந்துடறேன். அண்ணி, கொஞ்சம் பாத்துக்குங்க."

"போய்ட்டு எப்ப வரப்போற நீ?" என்றாள் பூவம்மாள்.

"ஒன்றரைக்குள்ள."

ஜான்சன் குல்லாயைக் கழற்றி மடியில் வைத்திருந்தான். முடியில்லாத தலையில் வியர்வை மினுக்கியது. எட்டு வருடம் குடியாத்தம் பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வேனை ஓட்டியவன், இப்போது கஞ்சி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான்.

பள்ளிகொண்டா டோல்கேட்டில் பஸ் பத்து நிமிடம் நின்றது. மாதனூர் தாண்டும்போது மணி பத்தே முக்கால். முத்துமாரி கவரை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜெபம் செய்யலாம் என்று கண்ணை மூடினாள். வார்த்தை வரவில்லை. பத்து நாள், நாளைக்கு அஞ்சு மணி, பத்து நாள், நாளைக்கு அஞ்சு மணி என்றே மனசு ஓடியது.

கம்பெனி வாசலில் கோலம் போட்டிருந்தார்கள். செக்யூரிட்டிக்காரர் புதுச் சட்டையில் நின்றார். "லீவு போட்டுட்டு எதுக்கும்மா வந்த? பையர் உள்ள இருக்கான்," என்று தடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விலகிக்கொண்டார்.

சின்னசாமி ஹெச்.ஆர். அறையில்தான் இருந்தார். ஆடிட்டுக்கான கோப்புகள் மேஜை முழுக்க அடுக்கியிருந்தன. கெட்ட மனிதர் இல்லை. போன வருடம் முத்துமாரியின் மகள் நிஷாவுக்குக் கல்லூரியில் இடம் கிடைக்கக் கடிதம் கொடுத்தவர் அவர்தான். டாக்டரின் தாளைப் படித்தார். இரண்டாவது முறையும் படித்தார்.

"இது யாரும்மா உனக்கு சொன்னது?"

"பாலிசி பேப்பர்ல இருக்கே சார்."

"பாலிசி பேப்பர நீ படிச்சியா?"

அவள் மேஜையிலிருந்த கோப்புகளைப் பார்த்தாள்.

"சரி," என்றார் சின்னசாமி. அலமாரியிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். அது தனியாக, தயாராக, கட்டாக இருந்தது. முத்துமாரி அதைப் பார்த்தாள்.

"சார், சனிக்கிழமை நான் கேட்டப்போ இப்படி ஒண்ணு இருக்குன்னு சொல்லலியே?"

"நீ கேக்கலியேம்மா. வேற ஆஸ்பத்திரி எங்க இருக்குன்னுதான் கேட்ட. பட்டியல் குடுத்தேன்."

அவர் குரலில் எரிச்சல் இல்லை, களைப்புதான் இருந்தது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இத பாரு. நம்ம ஸ்டாஃப்ல பதினோரு குடும்பம் அந்த ஆஸ்பத்திரில பாக்குறாங்க. பதினோரு பேரும் இத தூக்கிட்டு வந்தா, அடுத்த வருஷம் பாலிசி புதுப்பிக்கிறப்ப இன்சூரன்ஸ்காரன் பிரீமியத்த ஏத்துவான். மேனேஜ்மென்ட் என்ன சொல்லிடுச்சு தெரியுமா? இப்படியே ஏறினா, அப்பா அம்மாவயெல்லாம் பாலிசிலருந்து எடுத்துடலாம்னு. அதனால கேக்கிறவங்களுக்கு மட்டும் குடு, கூப்ட்டு சொல்லாதன்னு உத்தரவு. உனக்கு நான் இப்பவே அனுப்புறேன். ஆனா வெளிய போய் யார்கிட்டயும் பேசாத. உன் வீட்டுக்காரருக்கு ஆறாவது ஒண்ணு இருக்கில்ல? அதுக்கும் நான்தான் கையெழுத்துப் போடணும்."

மிரட்டுகிற மாதிரி அவர் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னார். முத்துமாரி தலையை ஆட்டினாள். கையெழுத்துப் போட்டாள். சின்னசாமி முத்திரை வைத்து, ஸ்கேன் செய்து, மின்னஞ்சலில் அனுப்பி, அனுப்பியதற்கான பக்கத்தை அச்செடுத்து அவள் கவரிலேயே வைத்தார்.

"போ. ஒரு மணிக்குள்ள ஆஸ்பத்திரிக்குப் பதில் வந்துடும்னு நெனைக்கிறேன்."

வெளியே வந்தவள் மாடிப்படியில் இரண்டு படி இறங்கியிருந்தாள். கீழேயிருந்து அஃப்ஸர் ஜஹான் ஏறி வந்தாள்.

அஃப்ஸர் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறாள். தைத்து வரும் ஷூ மேல்பாகங்களை வெளிச்சத்தில் பிடித்துத் தையல் விட்டிருக்கிறதா என்று பார்க்கும் வேலை. பன்னிரண்டு வருடப் பழக்கம். ஜான்சனின் கழுத்துக் கட்டியைப் பார்த்து, "இத சும்மா விடாத முத்து, எங்க அம்மி பாக்குற டாக்டர்கிட்டயே காட்டு," என்று வேலூருக்கு முதல் தடவை கூட்டிக்கொண்டு போனவள் அவள்தான். அவளுடைய அம்மா ஹலீமா பீக்கு மார்பில் புற்றுநோய். ஊசியெல்லாம் முடிந்து, ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள்.

"இன்னா முத்து, லீவுன்னாங்களே? அண்ணனுக்கு இன்னிக்கு ஊசின்னு நெனச்சேன்."

"ஆமா... ஒரு கையெழுத்து வேண்டியிருந்துச்சு."

"எங்களுக்குப் பதினெட்டாந்தேதி ஆபரேஷன் குறிச்சிருந்தாங்க. நேத்து நான் போன் போட்டு வேணாம்னு சொல்லிட்டேன்." அஃப்ஸர் படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். "சென்னைலதான் பாக்கணுமாம். அங்க ரெண்டு மாசம் ஆவுமாம். அம்மி வரவே மாட்டேங்குது. உருதும் பேசத் தெரியாத, என் தமிழும் புரியாத டாக்டர்கிட்ட நான் எதுக்குப் போவணும், இங்கயே உட்டுடுன்னு ஒரே அழுவ. ராத்திரி எல்லாம் பேஜார். நீங்க இன்னா பண்ணப் போறீங்க?"

கவர் முத்துமாரியின் கையில் இருந்தது. சின்னசாமியின் அறைக்கதவு இரண்டு படி மேலே இருந்தது. அது முழுக்கச் சாத்தியிருக்கவில்லை.

"நாங்களும் பாத்துக்கிட்டுதான் இருக்கோம்," என்றாள்.

"எதுனா வழி தெரிஞ்சா சொல்லு."

"சொல்றேன்."

அஃப்ஸர் அவள் தோளைத் தட்டிவிட்டு மேலே போனாள். முத்துமாரி இறங்கினாள். கடைசிப் படியில் கால் தடுக்கியது. விழவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் அவள் நின்றுகொண்டே வந்தாள். கண்டக்டர் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். தன் புருஷனுக்காகத்தான் வாயை மூடினேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அது உண்மைதான். உண்மையாக இருந்தும் அந்தப் பேச்சு அவளுக்கே ருசிக்கவில்லை.

ஒன்று இருபதுக்கு மருத்துவமனைக்குள் நுழைந்தாள். பதில் வந்திருக்கவில்லை. ஒன்றரை. ஒன்று நாற்பது. பூவம்மாள் ஜெபமாலையை விரலில் சுற்றிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தாள். ஜான்சன் கண்ணை மூடியிருந்தான். ஒன்று ஐம்பத்திரண்டுக்கு அம்பரீன் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கையைத் தூக்கிக் காட்டினாள்.

"வந்திடுச்சு அக்கா. ஆனா ஒரு ஊசிக்குத்தான் குடுத்திருக்காங்க. இந்த அஞ்சாவதுக்கு மட்டும். ஆறாவதுக்கு மறுபடி கம்பெனி எழுதணுமாம், பாத்துட்டு சொல்லுவாங்களாம்."

"ரெண்டுக்கும் சேத்துதானே டாக்டரம்மா எழுதினாங்க?"

"எழுதினாங்க. இவங்க ஒண்ணுதான் குடுத்திருக்காங்க."

இரண்டு மணிக்கு நாலு நிமிடம் இருக்கும்போது ஜான்சனைச் சாய்வு நாற்காலியில் படுக்க வைத்தார்கள். மார்புத் தோலுக்கு அடியில் பதித்திருந்த போர்ட்டில் ஊசியைச் செருகியபோது அவன் பல்லைக் கடித்தான். முதலில் வெள்ளை மருந்து. அது முடிய மூன்று மணி நேரம். பிறகு நர்ஸ் பெரிய சிரிஞ்சில் சிவப்பு மருந்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"ரோஸ்மில்க் வந்திடுச்சு," என்றான் ஜான்சன். நான்கு முறையும் அவன் இதைத்தான் சொன்னான். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

நர்ஸ் போனதும் முத்துமாரி நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு நடந்ததைச் சொன்னாள். கவுன்ட்டரில் கேட்டது, சின்னசாமி சொன்னது, மாடிப்படியில் அஃப்ஸர் நின்றது, தான் சொன்ன பொய்.

பூவம்மாள்தான் முதலில் பேசினாள். "வாய மூடிக்கிட்டு இரு மாரி. ஆறாவது முடியட்டும். அப்புறமா ஊருக்கே சொல்லு, யாரு வேணான்னா?"

"அவங்களுக்கு நாளைக்கு அஞ்சு மணிதான் அண்ணி. அப்புறம் சொல்லி என்னா ஆவப்போவுது?"

"அவங்கம்மா வயசானவங்க. சென்னைக்குப் போனா அங்க பாப்பாங்க. என் தம்பிக்கு நாப்பத்தஞ்சு வயசு." பூவம்மாளின் குரல் உடைந்தது. "ஞாயித்துக்கிழம உன்ன நான் பேசினது தப்புதான். நீ இன்னிக்கு ஓடின ஓட்டத்தப் பாத்தேன். இவ்ளோ ஓடி வாங்கிட்டு வந்தத நீயே எடுத்து வெளிய போடுவியா?"

முத்துமாரி ஜான்சனைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்க சொல்லுங்க."

"நான் இன்னா சொல்றது?" என்றான் மெதுவாக. நாக்கு வறண்டிருந்தது. "சொல்லாதேன்னா, அந்தம்மா மூஞ்ச நான் எப்படிப் பாக்கறது? சொல்லுன்னா, ஆறாவது நின்னு போச்சுன்னா நீ உன்னையே தின்னுக்குவ. நான் போதும்னு சொன்னவன்தானே மாரி. இன்னிக்குப் படுத்துக்கிட்டு இருக்கறப்பதான் தெரியுது, எனக்குப் போதல. இன்னும் வேணும்னு இருக்கு. அதனால என்னக் கேக்காத."

அவன் கண்ணின் ஓரத்திலிருந்து நீர் இறங்கிக் காதுக்குள் போயிற்று. துடைக்கக் கையைத் தூக்கினால் குழாய் இழுக்கும். முத்துமாரி முந்தானையால் துடைத்துவிட்டாள்.

இந்த நான்கு மாதத்தில் அவன் உயிரோடிருக்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. இந்த வார்த்தைக்காகத்தான் அவள் இத்தனை நாள் காத்திருந்தாள். இன்றைக்கென்று பார்த்தா அது வர வேண்டும் என்று இருந்தது அவளுக்கு.

ஐந்தே முக்காலுக்கு வெளியே வராந்தாவுக்குப் போனாள். ஐந்தரைக்கு ஷிப்ட் விட்டுப் பூட்டிய பெட்டியிலிருந்து எல்லோரும் கைபேசியை எடுத்திருப்பார்கள். அஃப்ஸர் போகிற வாணியம்பாடி கம்பெனி பஸ் கிளம்பியிருக்கும்.

அழைத்தாள். மூன்றாவது மணியில் அஃப்ஸர் எடுத்தாள்.

"சொல்லு முத்து. அண்ணனுக்கு எப்படி இருக்கு?"

"ஊசி போடறாங்க அஃப்ஸர். அதே ஆஸ்பத்திரிலதான். இன்சூரன்ஸ்லயே." மூச்சை இழுத்துக்கொண்டு வேகமாகச் சொன்னாள், நிறுத்தினால் சொல்லாமல் விட்டுவிடுவோம் என்ற பயத்தில். "பாதில இருக்கிற வைத்தியத்த அங்கயே தொடரலாம். டாக்டரம்மா எழுதித் தரணும். சின்னசாமி சார் சீல் வெச்சு அனுப்பணும். படிவம் அவர்கிட்ட கட்டா இருக்கு. நாளைக்கு சாயந்திரம் அஞ்சு மணிதான் கடைசி. நீ காலைல எட்டரைக்கு வேலூர் வந்துடு. அந்தப் பதினெட்டாந்தேதிய மறுபடி குறிக்கச் சொல்லலாம்."

அந்தப் பக்கம் பஸ்ஸின் சத்தம் மட்டும் வந்தது. யாரோ பெல் அடித்தார்கள்.

"காலைல கேட்டனே முத்து," என்றாள் அஃப்ஸர்.

"ஆமா."

"அப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"உன் கையில இருந்த கவரு அதுதானா?"

"அதுதான்."

அஃப்ஸர் திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். அவள் திட்டவில்லை. "டாக்டரம்மா எட்டரைக்கே வந்துடுவாங்களா?" என்று மட்டும் கேட்டாள். பழகாத ஆளிடம் விசாரிக்கிற குரல் அது.

முத்துமாரி பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் வேறொரு பெண் குரல் குறுக்கே வந்தது. "இன்னா சொல்றாங்க? பழைய ஆஸ்பத்திரிலயே பாக்கலாமா?"

"யாரு அது?" என்றாள் முத்துமாரி.

"அன்வரி பேகம்," என்றாள் அஃப்ஸர். "ஸ்டோர்ஸ்ல இருக்குமே. என் போன காதுல வெச்சா ஒண்ணும் கேக்காது, ஸ்பீக்கர்லதான் பேசுவேன். நான் சொல்றதுக்குள்ள நீ எல்லாத்தையும் சொல்லி முடிச்சிட்ட."

சொன்னதெல்லாம் பஸ் முழுக்கக் கேட்டுவிட்டது என்று முத்துமாரிக்குப் புரிந்தது.

"முத்துமாரி, நான் அன்வரி பேசறேன். எங்க ஊட்டுக்காரருக்கு வாரத்துல ரெண்டு வாட்டி டயாலிசிஸ் அங்கதான். போன வாரம் ஒண்ணு உட்டுப் போச்சு. கால் ரெண்டும் வீங்கிக் கெடக்குது. எங்களுக்கும் ஆவுமா?"

"எனக்குத் தெரியலக்கா. கேக்கணும். கேட்டாத்தான் குடுப்பாங்க."

பஸ்ஸில் பேச்சுச் சத்தம் கூடியது. இன்ஜின் சத்தத்துக்கு மேல் யார் யாரோ ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டார்கள். பின் இருக்கையிலிருந்து ஒரு ஆண் குரல், யாரென்று அவளுக்குப் புரியவில்லை, உரக்கக் கேட்டது. "சின்னசாமி சார் இப்படி ஒண்ணு இருக்குன்னே சொல்லலியேம்மா? அவருக்கே தெரியாதோ என்னமோ?"

தப்பித்துக்கொள்ள அந்தக் குரலே வழி காட்டியது. ஆமாம், அவருக்குத் தெரியாது போல என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாளைக்குச் சின்னசாமியின் முகத்தில் விழிக்கலாம். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே ஜான்சனின் காலும், அதைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்த பூவம்மாளின் முதுகும் தெரிந்தன.

"அவருக்குத் தெரியும்," என்றாள் முத்துமாரி. "யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொன்னாரு. நாந்தான் சொல்றேன்."

பஸ்ஸுக்குள் சத்தம் அடங்கியது. பிறகு தொடர்பு அறுந்துவிட்டது. அஃப்ஸர் வைத்தாளா, தானாக அறுந்ததா, தெரியவில்லை. முத்துமாரி திரும்ப அழைக்கவில்லை.

ஏழு மணிக்கு ஊசியை எடுத்துவிட்டார்கள். ஜான்சனால் எழுந்து நிற்க முடியவில்லை. ஒரு பக்கம் பூவம்மாளும் ஒரு பக்கம் முத்துமாரியும் பிடித்துக்கொண்டார்கள். அப்படியே வாசல் வரைக்கும் நடத்திக்கொண்டு வந்தார்கள். பூவம்மாள் ஒரே ஒரு முறை முத்துமாரியின் முகத்தைப் பார்த்தாள். கேட்க வேண்டியதை அந்தப் பார்வையிலேயே கேட்டு, பதிலையும் தெரிந்துகொண்டாள்.

நர்ஸ் பின்னாலேயே ஓடி வந்து சிகிச்சை அட்டையைக் கொடுத்தாள். ஆறாவது ஊசி என்ற இடத்துக்கு நேரே, முப்பதாம் தேதி என்று எழுதியிருந்தது.

"வர்றப்ப கம்பெனி லெட்டர் மறக்காம கொண்டாங்க அக்கா," என்றாள் அவள்.

"கொண்டாறேன்," என்று சொல்லி முத்துமாரி அட்டையை வாங்கிக்கொண்டாள்.